கவிழ்த்து வைத்த தகடு

இங்கிலாந்தில் பழைய முறைக் கடிகாரத் தொழில் மறுபடியும் தலையெடுத்துவிட்டதாம். எனக்கு இதைச் சொன்னவன் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொடியன் சுதன். ஜெனீவாப் பக்கம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது ஒரு பிரெஞ்சுச் சஞ்சிகையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். நடுப்பக்கத்தில் ஒரு பாக்கெட் கடிகாரத்தின் படம். பின்மூடி திறந்திருந்தது. உள்ளே மங்கலான பொன்னிறத் தகடு.

"அண்ணை, உங்கட பழைய முதலாளியின்ர மணிக்கூடு. இங்கிலாந்துத் தொழில் திரும்பி எழும்பினதுக்கு முதல் அடையாளம் இதுதானாம்."

"எங்கை செய்தது எண்டு போட்டிருக்கிறாங்களோ?"

"அது இல்லை. பழைய ஆங்கிலேய முறைப்படி ஒவ்வொரு துண்டும் கையால செய்தது எண்டு மட்டும் இருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் என் மனைவி ஜெசிந்தா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். அந்தக் கடிகாரம் சுவிஸில், லோசான் நகரத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே மூன்றாம் மாடியில் பிறந்தது. அதன் தகட்டுக்குப் பொன் பூசியவன் மன்னாரான் ஒருவன், நான். அதில் போன ஒரு சாமான் எங்கள் தமிழ்க் கடையில் வாங்கியது. சுதன் விடவில்லை. சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னான். ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது, எழுதாமல் இருக்க வேறு சாட்டும் கிடைக்கவில்லை.

நான் கடிகாரம் படித்தவன் அல்ல. மன்னாரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதினேன். இங்கே வந்து ஒரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு நாலு வருடம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையின் முலாம் பூசும் பகுதியில் நின்றேன். பாகங்களைக் கம்பியில் கோத்துத் தங்கக் குளியலில் இறக்க வேண்டும், எண்ண வேண்டும், ஏற்ற வேண்டும். அந்தப் பகுதியை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது என்னைக் கொண்டுபோகவில்லை. வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்துப் பெண் ஒரு விலாசத்தைத் தந்து, "ஓர் ஆங்கிலேயர், அவரிடம் ஒருவரும் ஒரு கிழமைக்கு மேல் நிற்பதில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நான் ஒன்பது வருடம் நின்றேன்.

அவர் பெயர் ஹாலம். என்னைவிட நாலு வயது இளையவர். பெரிய சுவிஸ் கம்பனி ஒன்றில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, நூறு வருடத்துக்கு முன் தன் நாட்டில் செய்த மாதிரிக் கடிகாரம் செய்யப்போகிறேன் என்று புறப்பட்டவர். அதை ஏன் இங்கிலாந்தில் செய்யவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அங்கே இப்போது ஒரு ஸ்பிரிங் செய்பவர்கூட இல்லை, ஒரு கல் பதிப்பவர் இல்லை, எல்லாரும் இருக்கும் இடத்தில் இருந்துதானே இல்லாததைச் செய்ய வேண்டும் என்பார். இங்கிலாந்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செதுக்குவேலைக்காரர். தகட்டில் பெயரும் கொடிவேலையும் வெட்டுவதற்கு மட்டும் அது கடல் கடந்து போய் வரும். அவர் ஆங்கிலத்தில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிப்பார், இங்கே நான் எழுதுவது என் தமிழ். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசிவரைக்கும் அவர் என்னை மரியாதையாக, பிரெஞ்சில் 'நீங்கள்' என்கிற 'வூ' போட்டுத்தான் பேசினார். தொழிற்சாலையில் எனக்கு அது கிடைத்ததில்லை.

அவர் சத்தம் போட மாட்டார். பிழை என்றும் சொல்ல மாட்டார். நான் முடித்த பாகத்தை எடுத்துப்போய், உருப்பெருக்கியைக் கண்ணில் செருகி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரி என்றால் தூசு படாமல் கண்ணாடிக் கவிப்புக்குள் வைத்து மூடிவிடுவார். சரியில்லை என்றால் ஒரு மெல்லிய தாளை விரித்து, அதில் பாகத்தைக் கவிழ்த்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். எங்கே பிழை என்று நானே தேட வேண்டும். முதல் மாதத்தில் பதினொரு தரம் கவிழ்ந்தது. பதினோராம் தரம் எனக்கு வந்த கோபத்தில், இந்த வேலையே வேண்டாம் என்று கோட்டைக் கொழுவியில் இருந்து எடுத்துவிட்டேன். பிறகு அப்படியே நின்று அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு துளையின் விளிம்பில் தூரிகை மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. கோட்டைத் திரும்பக் கொழுவினேன்.

சொந்தக் கடிகாரம் செய்து முடிக்க வருடக் கணக்காகும் என்பதால், அதுவரை பழைய ஆங்கிலக் கடிகாரங்களைத் திருத்தித்தான் பட்டறை ஓடியது. அவற்றைக் கழற்றிக் கழுவுவது என் வேலை. சுவிஸ்காரர் தங்கள் கடிகாரத்தின் உள்ளே கோடு போட்டு, மினுக்கி, கலியாண வீடு மாதிரி வைத்திருப்பார்கள். பழைய ஆங்கிலேயரின் தகட்டில் மினுக்கம் இருக்காது. பனி படிந்த மாதிரி மங்கிய பொன்னிறம், அதன் மேல் 'காக்' என்ற ஒரு சிறு மூடுதகடு. பாலன்ஸ் சக்கரத்தைத் தாங்குகிற அந்தத் துண்டு நிறையக் கொடிவேலை. அதைக் கழற்றினால்தான் செத்துப்போனவர்களின் குட்டு வெளியே வரும். இடம்மாறித் துளைத்து அடைத்த துளை, அரம் வழுக்கிய கீறல், ஈயப்பற்று. எல்லாவற்றையும் காக்கின் கீழே தள்ளி மூடியிருப்பார்கள். முகப்பின் கீழேயோ பாகம் செய்தவனின் இரண்டு எழுத்து குத்தியிருக்கும். நான் எழுத்தைப் பார்ப்பேன், குட்டைப் பார்ப்பேன், "கள்ளன்" என்று தமிழில் சத்தமாகச் சொல்வேன். ஹாலம் அந்த ஒரு சொல்லை என்னிடம் பழகிக்கொண்டார். நான் ஒரு காக்கைக் கழற்றியதும் தன் மேசையில் இருந்தபடியே "கள்ளன்?" என்று கேட்பார்.

இனி அந்தத் தகட்டுக் கதை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்களிடம் இருந்தது எஃப் பெர்மிட், தற்காலிகமாகத் தங்கும் அனுமதி. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஜெசிந்தாவின் தாய் மன்னாரில் இருந்து கடல் கடந்து தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில் இருந்தார். சிறுநீரக வருத்தம். ஜெசிந்தா தாயைப் பார்த்து ஏழு வருடம். வதிவிட அனுமதியான பி பெர்மிட் கிடைத்தால் போகலாம். அதற்கு விண்ணப்பிக்க முதலாளியின் கடிதம் வேண்டும், என்ன வேலை செய்கிறான், ஏன் அவன் தேவை என்று. ஹாலமிடம் கேட்டேன். "தருகிறேன். இந்தத் தகடு முடியட்டும்" என்றார்.

அவருடைய முதல் கடிகாரத்தின் மேல்தகடு அது. ஏழு கிழமை வெட்டித் துளைத்து, செதுக்குவேலைக்கு அனுப்பித் திரும்பி வந்திருந்தது. வந்த அன்று அவர் கல் பதிப்பவரைப் பார்க்க நியூஷாத்தெலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வேலை. "பொன் பூசுவதை நீங்களே செய்யுங்கள், தாஸ்" என்றார். அதுவரை அவர் பக்கத்தில் நிற்காமல் நான் ஒரு தகட்டையும் தொட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், இன்று செய்பவர்கள் குறைவு. பித்தளைத் தகட்டைச் சலவைச் சோடாத் தண்ணீரில் அவிக்க வேண்டும். அதன் பிறகு விரல் படக்கூடாது, மர இடுக்கிதான். ஒரு தக்கையில் மர ஆணிகளால் அதைப் பொருத்தி, வெள்ளித்தூளும் உப்பும் திராட்சை ரசப் பீப்பாயில் படிகிற புளிப்பு உப்பும் கலந்து கூழாக்க வேண்டும். கட்டை மயிர்த் தூரிகையால் அதைத் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். வலது கை தேய்க்கும்போது இடது கை தக்கையைச் சுழற்ற வேண்டும். எந்த இடத்திலும் ஒரு மூச்சு நேரம்கூட அதிகம் நிற்கக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக மணல் மாதிரி ஒரு பொருக்கு எழும்பும். அதைக் கழுவி, மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையால் வருட வேண்டும். வருடும்போது தகட்டில் விடுவது அதிமதுரம் அவித்த தண்ணீர். முதல் நாள் அந்த வேரை அவர் கையில் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருமலுக்குக் கொடுப்பது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் தங்கக் குளியல்.

பொதியைப் பிரித்தேன். செதுக்கியவரின் பெருவிரல் அடையாளம் ஒன்று தகட்டில் கபில நிறமாகப் பிடித்திருந்தது. சோடாவில் அவித்தேன், போகவில்லை. இன்னொரு தரம் அவித்தேன், போகவில்லை. ஹாலம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் வரும்போது தகடு கவிப்புக்குள் இருக்க வேண்டும், அன்றைக்கே கடிதம் கேட்க வேண்டும் என்று மனம் பறந்தது.

கைகழுவும் தொட்டியின் கீழே ஒரு ஜாம் போத்தலில் புளி வைத்திருந்தேன். வாசலில் ஹாலமின் பெயர் போட்ட பித்தளைப் பலகையை வெள்ளிக்கிழமைகளில் நான்தான் துலக்குவேன். எங்கள் வீட்டு மெழுகுதிரித் தண்டை ஜெசிந்தா துலக்குகிற மாதிரி, புளியும் உப்பும். அந்தத் தெருவிலேயே அப்படி மினுங்கும் பலகை வேறு கிடையாது. அதிமதுரம் போகிற கடிகாரத்துக்குள் புளி போனால் என்ன என்று நினைத்தேன். எங்களைப்போல் பித்தளைப் பாத்திரத்தோடு வளராத எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. ஒரு துளி உப்பும் புளியும் எடுத்து, துணிமுனையால் அந்த அடையாளத்தில் மட்டும் தேய்த்தேன். அடையாளம் போய்விட்டது. அந்த இடம் இளஞ்சிவப்பாக, பளிச்சென்று இருந்தது. சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பொருக்கு எழுப்பினேன், வருடினேன், பொன் பூசினேன். நான் செய்ததிலேயே அழகான தகடு அது என்று மின்விளக்கு வெளிச்சத்தில் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னுக்குக் கீழே ஒரு சிவப்பு. விரல் நகமளவு, துணிமுனை போன வழியே வளைந்து கிடந்தது. சிவப்பு கிடந்தது காக் வருகிற இடத்தில். பழைய காக் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு முழுவதும் மறைந்தது. ஒரு மயிரளவுகூட வெளியே தெரியவில்லை.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"அந்தக் காக்கோ என்னவோ, அதுக்குக் கீழதானே கிடக்கு? மூடிவிடுங்கோவன்."

"அவர் பாத்தால்?"

"பொருத்திப்போட்டால் எப்பிடிப் பாப்பார்? இருவது வருசம் கழிச்சு ஆரோ கழட்டேக்க நீங்கள் எங்கையோ, நான் எங்கையோ."

"ஜெசி, அது சரியில்லை."

"எது சரியில்லை? அம்மா அங்க கிடந்து கிழமைக்குக் கிழமை கடிதம் போடுறா. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை. முதல்ல கடிதம் கைக்கு வரட்டும். பிறகு சொல்லுங்கோ, காலில விழுங்கோ, என்னவும் செய்யுங்கோ."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவள் அழவும் இல்லை, எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காலையில் மெட்ரோவில் போகும்போது மூடிவிடுவது என்றுதான் முடிவெடுத்திருந்தேன். பட்டறையில் முதல்நாள் பாதியில் விட்ட பழைய கடிகாரம் ஒன்று என் மேசையில் கிடந்தது. கை பழக்கத்தில் அதன் காக்கைக் கழற்றியது. கீழே ஓர் அடைத்த துளை. வாய் பழக்கத்தில் "கள்ளன்" என்றது. பட்டறையில் வேறு ஒருவரும் இல்லை. அந்தச் சொல் எனக்குத்தான் கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது. நூறு வருடத்துக்கு முன் செத்தவனை இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அவனுக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள்.

மெல்லிய தாள் ஒன்றை எடுத்து ஹாலமின் மேசையில் விரித்தேன். அதில் தகட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து மணிபோல் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, தகட்டைக் கண்டுவிட்டார். என்னைப் பார்த்தார். அவருடைய மேசையில் ஒருவரும் இதுவரை ஒன்றையும் கவிழ்த்து வைத்ததில்லை. உட்கார்ந்து திருப்பினார். உருப்பெருக்கியைச் செருகினார். நான் எழுந்து நின்றேன்.

"என்ன போட்டீர்கள்?"

ஜாம் போத்தலைக் கொண்டுபோய் வைத்தேன். மூடியைத் திறந்து மணந்தார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"வாசல் பலகைக்கும் இதுதானா?"

"ஓம், மெஸ்யூ."

"நான் நீங்கள் நல்ல பொலிஷ் வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன்."

அன்று முழுவதும் அவர் வேறு வேலை செய்யவில்லை. கழிவுப் பித்தளைத் துண்டுகளை வரிசையாக வைத்து, புளியை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம் என்று தேய்க்கச் சொன்னார். புளியும் உப்பும் சேர்ந்து பித்தளையில் இருந்த நாகம் என்கிற துத்தநாகத்தைத் தின்றுவிடுகிறது, மிஞ்சுவது செம்பு, அந்தச் செம்புதான் பொன்னுக்கு ஊடாக எட்டிப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். கடைசியில் நிமிர்ந்து, "எங்கள் பழைய ஆட்கள் புளி போட்டதாக எந்தப் புத்தகத்திலும் இல்லை" என்றார். உங்கள் ஆட்கள் எங்கள் நாட்டில் நூற்றைம்பது வருடம் இருந்தார்கள், தேயிலை தெரிந்தது, கறுவா தெரிந்தது, புளி தெரியாமல் போனது யார் பிழை என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கடிதம் வேண்டுமே.

"திருப்பிச் செய்யலாமா?" என்று கேட்டேன்.

தலையாட்டினார். பொன்னை உரிக்கலாம். ஆனால் இன்னொரு தரம் தூரிகை போட்டால் செதுக்குவேலையின் மயிரிழைக் கோடுகள் மழுங்கிவிடும். கோடு மழுங்கினால் தகடே போச்சு. சிவப்பு இருக்கட்டும் என்றார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, ஒரு கூரிய செதுக்கூசியை என் பக்கம் தள்ளினார்.

"அதற்குப் பக்கத்தில் உங்கள் எழுத்தைப் போடுங்கள்."

"தண்டனையோ?"

"விலாசம். அடுத்துத் திறக்கிறவர் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தவிக்கக்கூடாது."

மரியதாஸ் என்பதன் முதல் எழுத்தைத் தமிழில் போட்டேன். மூன்று வளைவில் ஒரு சின்ன 'ம'. அதைப் போட எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. வாங்கப்போகிறவருக்கும் ஹாலம் நடந்ததை எழுதினார். மூடிவிடுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஜெசிந்தா சொன்ன அதே சொல்.

கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை. வீட்டில் ஜெசிந்தாவும் கேட்கவில்லை. ஒரு கிழமை அப்படியே போனது. அடுத்த திங்கட்கிழமை காலையில் போகிறேன், என் மேசையில் மெல்லிய தாள் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு காகிதம். கவிழ்த்து வைத்திருந்தது.

தட்டச்சு எழுத்தின் நிழல் பின்புறத்தில் தெரிந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு அதைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு பழைய கடிகாரத்தைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினேன். பன்னிரண்டு மணிக்குக் கொண்டுபோன சோறு இறங்கவில்லை. ஜெசிந்தாவுக்கு எந்த வசனத்தால் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் திருப்பிப் பார்க்கவில்லை?" என்றார் ஹாலம்.

"கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும், மெஸ்யூ."

"தெரியும்தானே? பிழையான வேலை. ஆனால் அது என்னுடைய வேலை. எங்கே பிழை என்று நீங்கள்தான் கண்டுபிடிப்பீர்கள் என்று பார்த்தேன்."

திருப்பினேன். கன்டோன் கந்தோருக்கு, பெர்மிட் கொடுக்கும் மாநில அலுவலகத்துக்கு, எழுதிய கடிதம். திகதியைப் பார்த்தேன், தகடு வந்த நாளுக்கு முதல் நாள். தகடு முடியட்டும் என்றவர் அதற்கு முன்பே எழுதி வைத்திருந்திருக்கிறார். என் பெயர் சரி, விலாசம் சரி, பிறந்த திகதி சரி. தொழில் என்ற இடத்தில் 'உதவியாளர்' என்று இருந்தது. அந்தச் சொல்லின் மேல் பென்சிலால் ஒரு கோடு.

"உதவியாளருக்குச் சொந்தமாகப் பிழை கிடையாது, தாஸ். அவர் செய்யும் பிழையெல்லாம் முதலாளியின் பிழை. நீங்கள் உங்களுடையது என்று கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள்."

கண்ணாடிக் கவிப்பைத் தூக்கி, உள்ளே இருந்த இன்னொரு தாளை எடுத்துத் தந்தார். அதே கடிதம். அந்த இடத்தில் 'பொன் பூசும் வினைஞர்' என்று இருந்தது. நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன், அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் என் தோளில் இரண்டு தரம் தட்டிவிட்டு வாசல் பலகையைப் பார்க்கப் போய்விட்டார்.

பெர்மிட் வர எட்டு மாதம் எடுத்தது. ஜெசிந்தா போய்த் தாயோடு மூன்று கிழமை இருந்தாள். அடுத்த முறை போகும்போது தாய் இல்லை.

சுதன் கொண்டுவந்த படத்தில் காக் பூட்டித்தான் இருக்கிறது. அதைக் கழற்றிய படம் எடுக்க அவர்களுக்கு ஏன் தோன்றப்போகிறது. சுதன் அந்தச் சஞ்சிகைக்கு உண்மையை எழுதிப் போடுவோம் என்று துள்ளினான். வேண்டாம் என்றேன். கழற்றுகிறவன் வரட்டும், விலாசம் அங்கே இருக்கிறது.

சரியான கடிதம் கன்டோன் கந்தோரின் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். பிழையானதை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜெசிந்தா அதை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறாள், கவிழ்த்து.